கோஜி பெர்ரி மாத்திரை கொழுப்பைக் கரைக்குமா?

"தினம் இரண்டு கோஜி பெர்ரி மாத்திரை, வளர்சிதை மாற்றம் எகிறும், இரண்டே வாரத்தில் தொப்பை கரையும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கோஜி என்பது சீனாவில் விளையும் ஒரு சிறிய சிவப்புப் பழம். இந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 120 மில்லி கோஜி சாறு குடித்தவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்து ஆற்றல் செலவு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. 14 நாளில் இடுப்புச் சுற்றளவும் குறைந்ததாம். ஆனால் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. ஆய்வாளர்களோ அந்தச் சாற்றை விற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். சோதித்தது சாற்றை, மாத்திரையை அல்ல. சரி, 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும் உடல் மணிக்கு எரிப்பது ஏறக்குறைய 70 கலோரி. கூடுதலாகக் கிடைப்பது 7. ஒரு பிஸ்கட்டுக்குக்கூடக் காணாது!

கோஜியால் இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு அளவுகள் மாறுமா என்பது குறித்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை, முடிவுகள் ஒத்துப்போகவில்லை. பழம் கெட்டதல்ல, கண்ணுக்கு உகந்த சியாசாந்தின் என்ற நிறமி அதில் நிறையவே இருக்கிறது.

செய்தி சொல்லாமல் விட்டதுதான் முக்கியம்: வார்ஃபரின் என்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்தை எடுப்பவர்கள் கோஜி சாப்பிட்டு இரத்தம் உறையும் தன்மை மேலும் குறைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.