அப்பா நல்லாத்தான் வண்டி ஓட்டுறார்

அப்பாவுக்கு 72 வயசு. ஆரம்பக்கட்ட அல்சைமர், அதாவது மறதி நோய், என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து காரை ஓட்டி வந்தது அவர்தான். கியர் மாற்றியதே தெரியவில்லை. "பாத்தியால, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். நானும் நம்பினேன்.

மறுவாரம் வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் சிலையை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றாமல், குறுக்கே வலப்பக்கம் ஒடித்துவிட்டார். எதிரே பஸ். அந்த டிரைவர் பிரேக் அடித்ததால் பிழைத்தோம். "கூறுகெட்ட பய, ராங் சைடுல வாரான் பாருல" என்றார் அப்பா.

கிளட்ச், கியரெல்லாம் கை கால் பழக்கம். அல்சைமர் அதைத் தொட நாளாகும். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் கவனிப்பதும், எதிரே வருவது எவ்வளவு தூரம் என்று கணிப்பதும்தான் முதலில் ஆட்டம் காணும். பலருக்குத் தப்பு தன்னுடையது என்றே தெரியாது. அதனால் "நல்லாத்தானே ஓட்டுறாரு" என்று சொந்தக்காரர்கள் சொல்லும் சாட்சி செல்லாது. டாக்டர் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னபோது, அப்பா ஒரு முள்ளை 11-லும் இன்னொன்றை 2-க்குப் பதில் 10-லும் வைத்தார். அன்றைக்கே நான் சாவியைக் கேட்டிருக்க வேண்டும்.

நம்ம சட்டத்தில் 55 தாண்டினால் 5 வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்கணும். டாக்டர் கையெழுத்துப் போடும் படிவம் 1ஏ-யில் 25 மீட்டர் தள்ளி நம்பர் பிளேட் தெரியுதா என்றுகூடக் கேள்வி உண்டு. ஞாபகம் பற்றி ஒரு வரி கிடையாது. ஜப்பானில் 75 ஆனால் அதற்கென்று தனிச் சோதனையே இருக்கிறது. பிரிட்டனில் நோயைத் தெரிவித்தே ஆகணும். மறைத்தால் 1000 பவுண்டு வரை அபராதம். ஆனால் எடுத்தவுடன் பிடுங்கிவிட மாட்டார்கள். தேவைப்பட்டால் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஒரு வருஷத்துக்கு மட்டும் உரிமம் கொடுப்பதுண்டு. இங்கே அந்த அதிகாரி வேலையையும் பிள்ளைகளே பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் பார்த்த லட்சணம்: சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டு, பேட்டரி போச்சு என்றேன். அந்தப் பொய்யையும் அவர் மறந்துவிடுவார். தினம் காலையில் துணியை எடுத்துக் காரைத் துடைத்துவிட்டு வந்து சாவி கேட்பார், நான் மறுபடி சொல்வேன். அசிங்கமாக இருந்தது. அதைவிட மோசம், கடை, கோயில், கூட்டாளிகள் எல்லாம் அந்தக் காரோடு நின்றுபோனது. ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்த ஆட்டோக்காரரிடம் வாரம் மூணு நாள் பேசிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வருவார். ஸ்பீடு பிரேக்கருக்குப் பத்தடி முன்னாலேயே அவர் வலது கால் தரையை அமுக்கும். பிறகுதான் நான் பிரேக்கைத் தொடுவேன்.