நோர்தோஃப் வருவதற்கு முன்பே ஓடத் தொடங்கிய ஆலை

இரண்டாம் உலகப் போரில் சிதைந்து கிடந்த, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் ஆலையில் பீட்டில் கார் உற்பத்தியை முதலில் தொடங்கிவைத்தவர் ஹைன்ரிச் நோர்தோஃப் என்று கூறப்படுகிறது. இதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது.

நோர்தோஃப் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றது 1948 ஜனவரியில்தான். ஆனால் வோல்ஃப்ஸ்பர்க் நகரிலுள்ள அந்த ஆலையில் பீட்டிலின் தொடர் உற்பத்தி 1945 டிசம்பர் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அப்போது ஆலை பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தது, அதை மீண்டும் இயங்கச் செய்தவர் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி. 1946இல் மட்டும் ஏறத்தாழ 10,000 கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. போர்க்காலத்தில் பிராண்டன்பர்க்கில் ஓப்பல் என்னும் வாகன நிறுவனத்தின் லாரி ஆலையை நடத்திய நோர்தோஃபுக்கு, போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்கப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் நிர்வாகப் பதவி மறுக்கப்பட்டிருந்தது. அதனால்தான் பிரிட்டிஷாரின் அழைப்பு அவருக்கு வாய்ப்பாக அமைந்தது.

ஐயமுள்ளவர்கள் ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே வெளியிட்டுள்ள ஆண்டுவாரி வரலாற்றில் 1945, 1948 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குரிய பகுதிகளை அருகருகே வைத்துப் படித்தால் போதும். 1946 மார்ச்சில், ஒரே மாதத்தில் 1,000 கார்கள் என்னும் இலக்கை எட்டியபோது தொழிலாளர்கள் காரைச் சூழ்ந்து நிற்கும் புகைப்படமும் பரவலாகக் கிடைக்கிறது.

1955இல் பத்து லட்சமாவது பீட்டில் வெளிவரும் அளவுக்கு அந்நிறுவனத்தை வளர்த்தவர் நோர்தோஃப் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தொடக்கம் மட்டும் அவருடையதன்று.