எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி, "எம்ஜிபி ரோட்ஸ்டரில் கதவுக்குக் கீழே துருப்பிடித்த சில் தகட்டை அப்படியே வெட்டி எடுக்கலாம், பாரத்தைச் சேசிஸ் தாங்கிக்கொள்ளும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. தனிச் சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) இருந்தது அதற்கு முந்தைய எம்ஜிஏவில். 1962-இல் வந்த எம்ஜிபிக்கு பாடிதான் சேசிஸ், அதுவும் ரோட்ஸ்டர் கூரையில்லாத வண்டி என்பதால் நடுவில் தொய்யாமல் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்தச் சில்லுக்குத்தான். வெட்டும் முன் கதவு வாசலின் முன், பின் தூண்களுக்கு இடையே இரும்புக் குழாயை வெல்டு செய்துவிடுங்கள், அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். புதுத் தகட்டை முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டி, கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். நான் இதைச் செய்யாமல் முழுசாக வெல்டு அடித்துவிட்டு, கதவு பூட்டில் விழாமல் எல்லாவற்றையும் மறுபடி அறுத்தேன்.