நடை திரும்பிய பிறகும் வெளியே வராதவர்கள்

பக்கவாதத்திலிருந்து மீள்வதைக் கைகால் அசைவைக் கொண்டே அளவிடும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; மீண்டவர் மறுபடியும் நாலு பேரோடு போய் அமர்கிறாரா என்ற கேள்வியை அது தொடாமல் விட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட, ஒருவரின் செயல்திறனையும் இயலாமையையும் விவரிக்கும் வகைப்பாடு, உடலின் இயக்கத்தோடு சமூக வாழ்வில் பங்கேற்பதையும் சேர்த்தே எடைபோடுகிறது. என் தந்தைக்கு ஆறு மாதங்களில் நடை திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. மனத்தில் இருக்கும் சொல் நாவுக்கு வராத அஃபேசியா என்னும் அந்நிலையை உறவினர்கள் அறிவு மங்கியதாகவே எடுத்துக்கொண்டு, விசேஷ வீடுகளில் அவரிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்டார்கள். அப்பாவும் அழைப்பிதழைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினார். பழைய நண்பர் ஒருவர் மாலைதோறும் வந்து, தலையசைத்தாலே போதும் என்ற அளவில் கேள்வி கேட்டு, பதிலுக்கு அவசரப்படாமல் காத்திருந்ததுதான் அவரை மறுபடியும் தேநீர்க்கடை வரை அழைத்துச் சென்றது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. பேச்சுப் பயிற்சியும், இத்தகையவரோடு உரையாடும் முறையைக் குடும்பத்தாருக்குக் கற்பிப்பதும் அதே அக்கறையுடன் வர வேண்டும். அஃபேசியாவால் நிலைத்துவிடும் பேச்சுக் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருப்பதை எங்கள் குடும்பம் மிகத் தாமதமாகவே அறிந்துகொண்டது.