கண்காட்சி போஸ்டரில் ஓவியம் எங்கே?

பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி. நான்கு வருட உழைப்பு முதல்முறையாகச் சுவரேறப் போகிறது. அதற்கு அடித்த போஸ்டரைப் பாருங்கள். மேலே இரண்டு மூலையிலும் லோகோ, நடுவில் கல்லூரிப் பெயர். கீழே தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பதினொரு பெயர்கள், வட்டத்துக்குள் மூன்று முகங்கள். ஓவியம்? இத்தனைக்கும் பின்னால், இருபது சதவீத ஒபாசிட்டியில், அதாவது பின்னணி ஊடுருவித் தெரியும் அளவுக்கு மங்கலாக, வெளிறிக் கிடக்கிறது. யார் வரைந்தது என்று ஒரு வரி இல்லை. பார்த்தாலே வயிறு எரிகிறது.

அழைப்பிதழ் வேறு, போஸ்டர் வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் எந்தக் குழுவின் காதிலும் ஏறுவதில்லை. அழைப்பிதழைக் கையில் வைத்து உட்கார்ந்து படிப்பார்கள். பதினொரு பெயரையும் பதவி வரிசை மாறாமல் அதில் போடுங்கள், யாருக்கும் மனக்குறை வராது. போஸ்டரைப் பார்ப்பவர் நடந்துகொண்டே பார்க்கிறார். சில விநாடிக்குள் ஒரு படம் அவரை நிறுத்த வேண்டும். நின்ற பிறகு என்ன, எங்கே, எப்போது என்பது கண்ணில் பட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த ‘எப்போது’ கூடச் சரியாக இருப்பதில்லை என்பதுதான் கொடுமை. தொடக்க விழா ஒரு மணி நேரம், கண்காட்சி ஒரு வாரம். போஸ்டரில் இருப்பதோ தொடக்க விழாவின் நேரம் மட்டும். மறுநாள் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை உண்டா, அனுமதி இலவசமா, எதுவும் கிடையாது. வேலை முடிந்து ஆறு மணிக்கு வரக்கூடியவர் எதை நம்பி வருவார்? இடமும் அப்படித்தான். ‘லலித் கலா அகாடமி, சென்னை’ என்று போட்டால் ஓவியர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கிரீம்ஸ் சாலை என்று சொல்ல வேண்டும், ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கச் சொல்ல வேண்டும். தேதியோடு கிழமையைப் போடுங்கள். போடுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். தேதி ஒன்று, கிழமை ஒன்று என்று அச்சாகி, பிறகு ஸ்டிக்கர் ஒட்டிய போஸ்டர்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன.

சரி, ஓவியத்தைப் பெரிதாகப் போட ஒப்புக்கொண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படி வந்து சேர்கிறது? கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படத்தை, டியூப்லைட்டுக்கு அடியில், போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருப்பார்கள். நடுவில் வெள்ளையாக ஒளிப்பட்டை, மேல்பக்கம் குறுகிப் போயிருக்கும். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் நீலம், மறுபக்கம் டியூப்லைட்டில் பச்சை. எண்ணெய் வண்ணமும் அக்ரிலிக்கும் ஃபிளாஷ் பட்டால் பளிச்சென்று திருப்பி அடிக்கும். கண்ணாடியைக் கழற்றுங்கள். படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, போனைப் படத்தின் நடு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டி நின்று எடுத்தால் ஓரங்கள் வளையும். பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். ஒரே மாதிரி இரண்டு விளக்குகள், இரு பக்கத்திலிருந்தும் 45 டிகிரியில். விளக்கு இல்லையா, நேர் வெயில் படாத வராந்தா போதும், மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை இது. நான்கு மாதம் வரைந்த படத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதா?

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புவார்கள். சாதாரணத் தரத்தில் அனுப்பினால் அங்கே அது சுருங்கி, நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலில் வந்து நிற்கும். ஏ3 போஸ்டர் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். 1600 பிக்சலை 42 சென்டிமீட்டருக்கு இழுத்தால் கிடைப்பது 97 டிபிஐ, ஏ2 அடித்தால் 68. தூரிகைத் தடமெல்லாம் கரைந்து சேறாகிவிடும். அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். ஒரே ஒரு தட்டு வித்தியாசம்!

அடுத்தது தமிழ் எழுத்து. இதில்தான் ரத்தம் கொதிக்கிறது. யூனிகோடில் அடித்ததை போட்டோஷாப்பில் ஒட்டியதும் ‘கொ’ உடைகிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம். தமிழ் தெரியாத மென்பொருள் என்று திட்டிவிட்டு, அச்சுக் கடைக்காரர் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத ஃபான்டில் மறுபடி அடிக்கிறார். மறுபடி அடிக்கும்போது புதுப் பிழைகள் நுழைகின்றன. மென்பொருளில் குறையில்லை. டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறது, புதிய பதிப்புகளில் அதன் பெயர் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’. அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து ஒழுங்காகச் சேரும். பிறகு எழுத்தை ‘கர்வ்’ ஆக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்புங்கள், கடைக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் கர்வ் ஆக்கியதில் பிழை திருத்த முடியாது, அதனால் அடிப்பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓவியக் கண்காட்சி’யில் ‘க்’ இல்லாமல் இரண்டு அங்குல உயரத்தில் அச்சடித்துவிட்டு, கலைக் கல்லூரி என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

எழுத்துக்கு அவுட்லைன் போடும் பழக்கம் இன்னொரு சாபக்கேடு. கெட்டியான வெள்ளைக் கோடு, அதன்மேல் நிழல், அதன்மேல் தங்க கிரேடியன்ட். ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மூன்று சுழியா இரண்டு சுழியா என்று பத்தடியிலிருந்து தெரிவதில்லை. வரி இடைவெளியை மென்பொருள் தரும், எழுத்தளவில் 120 சதவீதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல்வரியின் ‘மு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். 140க்குக் கீழே இறக்காதீர்கள். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கவும் செய்யாதீர்கள், சொற்களைக் குறையுங்கள்.

அச்சுக் கடையில் கடைசி அடி விழுகிறது. ஏ3 என்பது 297க்கு 420 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது கழியும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 303க்கு 426. டிஜிட்டல் கடைகளில் சாதாரணமாகப் போடும் தாள் 12க்கு 18 அங்குலம், அதாவது அகலம் 305 மில்லிமீட்டர்தான். ஓரத்தில் சில மில்லிமீட்டரை மெஷின் அச்சடிக்காது. எனவே கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஃபைலைச் சுருக்கிவிடுவார், அல்லது கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். 13க்கு 19 தாளில் போடச் சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது. நிறமும் முன்கூட்டியே பார்க்க வேண்டியது. திரையில் ஜொலிக்கும் அல்ட்ராமரைன் நீலம், அச்சு மைகளான சிஎம்ஒய்கேயில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மெஜந்தா கூடினால் ஊதாவாகிவிடும். சயானைவிட மெஜந்தா முப்பது சதவீதப் புள்ளியாவது குறைவாக இருக்கட்டும். நூறு பிரதிக்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, அசல் ஓவியத்தின் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் யாரும் தருவதில்லை. ‘இன்னொரு விருந்தினர் பெயரைச் சேர்க்கணும்’ என்று இரவு பத்து மணிக்குச் செய்தி வருகிறது, காலையில் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். பெயர் நுழைய ஓவியம் இன்னும் கொஞ்சம் வெட்டுப்படுகிறது. வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஓவியத்தின் விளிம்பு என்பது அவர் யோசித்து வைத்த இடம், உங்கள் வசதிக்கு நறுக்குவதற்கான ஓரம் அல்ல!

வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். அதன்மேல் எழுத்து வேண்டாம், கீழே ஒரு பட்டை விட்டு அதில் எழுதுங்கள். படத்தின் அடியில் ஓவியரின் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு. 14 பாயின்ட் எழுத்தில் அந்த ஒரு வரி போஸ்டரின் உயரத்தில் 7 மில்லிமீட்டர்தான் எடுத்துக்கொள்ளும்.