அக்காவின் விரல் ஈரமாக இருந்தது

முந்தாநாள் ஆபீஸ் குழுவில் வந்த அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். எங்கள் ஆபீஸ் அக்கா புது ஃபேக்ஸ் மெஷினின் டச் திரையில் நம்பர் போடத் தடுமாறுவதை எடுத்துச் சிரித்த வீடியோ அது. பார்க்காதவர்கள் தேட வேண்டாம். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஃபேக்ஸ் அனுப்பத் தெரியும். பழைய மெஷின் இருந்தவரை, கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போக வேண்டிய ஒரு தாள்கூட அவர் கையில் தவறியதில்லை. வெளி லைனுக்கு ஒரு 0, அப்புறம் 0413, அப்புறம் ஏழு எண்கள். தாளை எந்தப் பக்கம் கவிழ்ப்பது, கீச்சென்று சத்தம் வந்தால் என்ன அர்த்தம், ரிப்போர்ட்டில் ஓகே வந்ததா என்று பார்த்துத் தாளோடு பின் அடித்துக் கோப்பில் வைப்பது, எல்லாம் தெரியும். அன்று அவர் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அவசரம் என்று கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தார். விரலில் ஈரம் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் புது மெஷினில் இருப்பது கெபாசிட்டிவ் டச் பேனல். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அது பார்ப்பதில்லை. விரல் பட்டதும் கண்ணாடிக்கு அடியில் மின்னூட்டம் மாறுவதைத்தான் பார்க்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒரு சொட்டையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் நிஜ விரலையே விட்டுவிடும். 4-ஐ ஒருமுறை தொட்டு 44 விழுந்தது அதனால்தான். ரெசிஸ்டிவ் என்று இன்னொரு வகை உண்டு, அதில் இரண்டு அடுக்கும் ஒட்டும்படி அழுத்த வேண்டும். நகத்தால் அழுத்தினாலும் போதும். ஒன்றுக்கு அழுத்தம் வேண்டும், இன்னொன்றுக்கு மெல்லத் தொட்டாலே போதும். எது எந்த வகை என்று மெஷின் மேல் எழுதியா இருக்கிறது? வீடியோவில் 'ஏங்க்கா குத்துறீங்க' என்று ஒரு குரல் சிரிக்கிறது. முப்பது வருடம் பட்டனை அழுத்திய விரல் அழுத்தத்தான் செய்யும்.

துண்டுச்சீட்டில் இருந்த நம்பரைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு அவர் நிமிர்வதற்குள், திரை முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. போட்ட எண்கள் எல்லாம் அழிந்துவிட்டன. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அது தானாகத் திரும்பிவிடும். அந்த நேரத்தைக் கூட்டிவைக்க முடியும். மெஷின் வந்து ஐந்து மாதம் ஆகிறது, யாரும் கூட்டவில்லை.

1998-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில், வெளியூருக்குப் போன் பேசும் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நான் வேலை பார்த்தேன். இரவில் கட்டணம் குறையும் என்று கூட்டம் அப்போதுதான் வரும். நம்பரை வாயால் சொல்லச் சொல்ல, முகத்தைப் பார்த்துக்கொண்டே டயல் செய்வேன். 5-இன் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், நடுவிரல் அதில் நின்றால் மற்ற எண்கள் தானாக வரும். பார்வையில்லாதவரும் அதில் டயல் செய்யலாம். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எந்த அடையாளமும் இல்லை. எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைத்த பொருள்கள் உருவாக அரசு ஊக்கம் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. எண் பட்டன்களைத் தனி உதிரியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் மெஷின்களும் உண்டு. வாங்கும்போது யாராவது அதைக் கேட்டார்களா?

"அக்கா போனில் வாட்ஸ்அப் பார்க்கிறாரே, அதுவும் டச்தானே" என்று வருவீர்கள். அது அவருடைய போன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார், தமிழில் வைத்திருக்கிறார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறார். ஆபீஸ் மெஷின் இடுப்பு உயரத்தில், ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்க, முழுக்க இங்கிலீஷில் நிற்கிறது. முகவரிப் பட்டியலில் பெயரைத் தொட்டால் நம்பரே போட வேண்டாம் என்பீர்கள். சரி, நல்ல வசதிதான். அந்தப் பட்டியலில் இன்றுவரை ஒரு பெயர்கூட ஏற்றப்படவில்லை. இந்தக் காலத்தில் ஃபேக்ஸ் எதற்கு என்பவர்கள், ஃபேக்ஸில் அனுப்பு என்று கேட்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். அக்காவிடம் கேட்காதீர்கள்.

"விளையாட்டுக்கு எடுத்ததுதானே, இதற்குப் போய் இவ்வளவு பெரிதாக எழுதணுமா?" இந்தக் கேள்விதான் என்னை அதிகம் சுடுகிறது.

என் அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார். அப்படியும் விரல் நுனி கறுத்து, தடித்து, ரேகை தேய்ந்துவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த போனை நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "என் கையை இது ஏத்துக்கலடா" என்று திருப்பிக் கொடுத்தார். காய்ந்து தடித்த தோலை இந்தத் திரைகள் பல நேரம் உணர்வதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. "உனக்கு வராதும்மா, விடு" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். வீடியோவின் கடைசியில் அக்காவும் அதேபோல் கையை மறைக்கிறார். நீங்கள் சிரித்த இடம் அதுதான்.

நேற்றும் இன்றும் அக்கா வேலைக்கு வரவில்லை. அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் நாளைக் காலை எனக்குத் தர வேண்டும். திரை திரும்பும் நேரத்தைக் கூட்டி, புதுச்சேரி நம்பரைப் பட்டியலில் ஏற்றி, பக்கத்தில் ஒரு துணி வைக்கிறேன். வீடியோவை மட்டும் எடுத்தவர்தான் நீக்க வேண்டும். இதை எழுதும்போது அது இன்னும் குழுவில் இருக்கிறது.