மனநல மருத்துவரிடம் காட்டினால் பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்காதா?

"பிள்ளையை மனநலப் பிரிவில் காட்டினால் பெயர் பதிவாகிவிடும், அரசு வேலை கிடைக்காது" என்று நெல்லைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. சிகிச்சை விவரம் ரகசியம் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு; விதிவிலக்குகள் மிகச் சில.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளிப் பை தோளில் ஏறினாலே வயிற்றுவலி. டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வரும். ஸ்கேனில் ஒன்றுமில்லை. கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். இந்தச் செய்தியை நம்பி ஆறு மாதம் போனதுதான் எனக்கு ஆறவில்லை. அப்புறம் ஆலோசகரிடம் பேசப் பேசத்தான் தெளிந்தாள், மாத்திரையே தேவைப்படவில்லை.

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமென்றால் 14416க்குப் போன் போடுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். "செத்துப்போறேன்" என்று பிள்ளை சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.